ஞாயிற்றுக்கிழமைக் குரல்

கார்த்திகை மாதத்து லண்டன் சூரியனை நம்பி யார் எழும்பப் போகிறார்கள்? வந்தால் வந்தது, வராவிட்டால் போனது. இல்ஃபோர்ட்டில் எங்கள் சனம் கிறிஸ்துராஜாவின் குரலைக் கேட்டுத்தான் எழும்பியது. காலை ஆறு மணிக்கு, "வணக்கம், எழும்பியாச்சோ?" என்று தொடங்குவார். பிறகு நேரம் சொல்வார், குளிர் எவ்வளவு என்று சொல்வார். விக்ரோறியா லைன் நிற்கிறதா, 123 பஸ் சுற்றிப் போகிறதா, ஈஸ்ற்ஹாமில் தொலைந்த பாஸ்போட் யார் கையில் இருக்கிறது, எல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்கு வரும். மரண அறிவித்தல் வாசிக்கும்போது மட்டும் குரலை இறக்கி, இறந்தவரின் ஊரை இரண்டு தரம் சொல்வார். மன்னார்ப் பக்கம் சண்டை கடுமையாக நடந்த காலம் அது. அவர் இரண்டாம் தரம் சொல்லி முடிக்கும்வரை கையில் எடுத்த தேத்தண்ணியை ஒருவரும் வாயில் வைக்கமாட்டோம்.

வானொலி இருந்தது வால்தம்ஸ்டோவில், ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடியில். இரண்டு அறை, சத்தம் போகாமல் சுவரில் சாத்திய பழைய மெத்தைகள், யன்னல் என்று ஒன்றும் இல்லை. பத்மநாதன் என்ற மனுசன் தன் உடம்பைக் கொடுத்து நடத்திய வானொலி. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அவர் களைத்துப்போய், கடல் கடந்த ஒரு கொம்பனிக்கு அதை விற்றுவிட்டார். வெளிநாட்டுக் கொம்பனிகள் இங்கே வானொலி வாங்க ஏலாது என்று முன்பு ஒரு சட்டம் இருந்தது. நாலைந்து வருசத்துக்கு முன்னர்தான் அதை எடுத்திருந்தார்கள். ஆனாலும் எங்கள் வானொலியின் லைசன்சில் ஒரு கொழுக்கி மிச்சம் இருந்தது: ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலமாவது நிகழ்ச்சியை உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும். புதிய முதலாளிமார் மற்ற எல்லாரையும் நிற்பாட்டிவிட்டுக் கிறிஸ்துராஜாவை மட்டும் வைத்துக்கொண்டது அந்தக் கொழுக்கிக்காகத்தான்.

அதற்குப் பிறகு அவர் நேரம் சொல்வதில்லை. குளிர் சொல்வதில்லை, பஸ் சொல்வதில்லை. மரண அறிவித்தலும் நின்றுவிட்டது. "இனிய காலை, அன்பு நேயர்களே" என்பார், ஒரு பகிடி விடுவார், மூன்று பாட்டுப் போகும். பெரிய கொம்பனி வந்ததும் மனுசனுக்குப் பவுசு பிடித்துவிட்டது என்று நாங்கள் கதைத்தோம். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "என்ன கிறிஸ்துராஜா, இப்ப எங்களுக்குக் குளிர் சொல்லமாட்டீரோ?" என்று சிலர் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, வேலை இருக்கு என்று பஸ் எடுத்துப் போய்விடுவார்.

பழைய வழக்கத்தில் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. ஆறரை மணிக்கு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், "தேத்தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று கேட்பார். அது எல்லாருக்கும் கேட்பது போலிருக்கும். கேட்பது இம்மாகுலேற்றைத்தான் என்று எங்கள் கோயில் பங்கில் தெரியாத ஆள் இல்லை.

இம்மாகுலேற் அவருடைய மனைவி. செவன் கிங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. அங்கே இருக்கிற கிழடுகளின் உடுப்பெல்லாம் ஒரே மெசினுக்குள் போவதால், ஒவ்வொரு கொலருக்குள்ளும் பெயரையும் அறை நம்பரையும் அழியாத பேனையால் எழுதவேண்டும். அந்தப் பழக்கம் அவளுக்கு வீட்டுக்கும் வந்துவிட்டது. புருசனின் உடுப்பு, மகள் பெனிற்றாவின் உடுப்பு, எல்லாவற்றின் கொலருக்குள்ளும் வீட்டு ரெலிபோன் நம்பரை எழுதிவிடுவாள். "அம்மா, ஐ ஆம் நொட் அ டோக்" என்று பெனிற்றா கத்துவாள். "துலைஞ்சா ஆரும் கொண்டுவந்து தருவினம், பேசாமப் போ" என்பாள் தாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியப்புறம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துராஜா வழமைபோல இருட்டோடு எழும்பிப் போய்விட்டார். பெனிற்றா இன்னும் நித்திரை. இம்மாகுலேற் குசினி அடுப்பில் பாண் துண்டு வாட்டிக்கொண்டு ரேடியோவைப் போட்டாள்.

"இனிய காலை, அன்பு நேயர்களே. எவ்வளவு அழகான காலை!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யன்னல் இல்லாத அறைக்குள் இருந்துகொண்டு இந்த மனுசன் மழையை அழகான காலை என்கிறதே, வரட்டும், ஆளை வைத்துப் பகிடி பண்ணவேண்டும் என்று நினைத்தாள். அப்போது ரெலிபோன் அடித்தது.

இருட்டில் ரெலிபோன் அடித்தால் எங்கள் வீடுகளில் நல்ல சேதி வராது. ஊரில் யாரோ என்றுதான் அவள் ஓடிப்போய் எடுத்தாள். ஆனால் கதைத்தது ஒரு வெள்ளைக்காரன். ஆஸ்பத்திரியில் இருந்து கதைப்பதாகச் சொன்னான். லேற்றன் மரக்கறி மாக்கற்றில் லொறியில் இருந்து பெட்டி அடுக்குச் சரிந்து ஒரு ஆளின் மேல் விழுந்துவிட்டது. ஐம்பது வயது மதிக்கலாம், பார்த்தால் உங்கள் பக்கத்து ஆள் மாதிரி. கால் நசிந்து, தலையும் அடிபட்டு, கதைக்க ஏலாமல் கிடக்கிறார். மாக்கற்றில் அவரை ராஜ் என்றுதான் கூப்பிடுவார்களாம், மற்றப்படி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆளிடம் கைபேசியோ அடையாளக் கடுதாசியோ இல்லை. போட்டிருந்த நீல ஜக்கெற்றின் கொலருக்குள் இந்த நம்பர் எழுதியிருக்கிறது. உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டான்.

இம்மாகுலேற் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"புளூ ஜக்கெற்? பொக்கெற் கிழிஞ்சதோ?"

ஓம், கிழிந்துதான் இருக்கிறது என்றான் அவன்.

அந்த ஜக்கெற்றை அவளுக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு கிறிஸ்துராஜா அதைக் கோயிலில் பழைய உடுப்புச் சேர்க்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னாரே. அவள் வாயைத் திறக்க முதல் குசினியில் பாட்டு முடிந்தது.

"தேத்தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று கேட்டது ரேடியோ.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நோ, நோ, சேர்! மை ஹஸ்பண்ட் றேடியோ. நௌ ரோக்கிங். லைவ்!" என்றாள். அவனுக்கு விளங்கவில்லைப் போலிருந்தது. இம்மாகுலேற் ரெலிபோனை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போய், அதை ரேடியோவின் வாயில் வைத்துப் பிடித்தாள். கிறிஸ்துராஜா அடுத்த பாட்டைப் பற்றி ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "யூ ஹியர்? தற் இஸ் ஹிம்!" ஜக்கெற் கோயிலுக்குக் குடுத்தது, யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடித்தாள். மன்னிக்க வேண்டும், பயப்படுத்திவிட்டேன் என்று அவன் வைத்துவிட்டான்.

பெனிற்றா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "ஹூ வாஸ் தற், அம்மா?"

"ஆரோ ஒரு பாவம், பிள்ளை. அப்பான்ர பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அடிபட்டுக் கிடக்குதாம். அதுக்கும் ஒரு பெண்சாதி இருப்பாள்தானே. அவளுக்கு ஆர் சொல்லப்போகினம்?"

வேலைக்குப் போகிற பஸ்ஸில் செபமாலையை எடுத்து, முகம் தெரியாத அந்த ராஜுக்காக ஒரு பத்து மணி செபம் சொன்னாள். மடு மாதாவே, அந்த ஆளை அவன்ர குடும்பத்திட்டச் சேர்த்துவிடு என்று மன்றாடினாள். சலவை அறையில் கூட வேலை செய்யும் அருள்மலரிடமும் சொன்னாள்.

"நல்லகாலம், எங்கட அண்ணை ரேடியோவில இருந்தார். இல்லாட்டி நீ அங்கேயே விழுந்திருப்பாய்," என்றாள் அருள்மலர்.

"விழுந்துதானடி இருப்பன்."

பதினொரு மணிக்குக் கிறிஸ்துராஜா வீட்டுக்கு வந்ததும் சலவை அறைக்கு ஒரு போன் அடிப்பார். சோறு இருக்கோ, நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்கட்டோ என்று கேட்பார். பதினொன்றரை ஆகியும் போன் வரவில்லை. அவள் வீட்டுக்கு எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. கைபேசிக்கு எடுத்தாள், அதுவும் அப்படித்தான். படுக்கை விரிப்புகளை மடிக்க மடிக்க அவளுக்கு ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. மூன்று தரம் மடித்த விரிப்பை மேசையில் போட்டுவிட்டு, "அருள், எனக்கு என்னவோ செய்யுது. நான் ஒருக்கா வால்தம்ஸ்டோ போட்டு வாறன்," என்று வெளிக்கிட்டாள்.

123 பஸ் அன்றைக்கு ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. கடைக்கு மேலே படியேறினால் ஸ்ரூடியோக் கதவு பூட்டு. தட்டினாள், பிறகு அடித்தாள். கதவைத் திறந்தது றொஜன். மெசின்களைப் பார்த்துக்கொள்ள மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஆள் அவன்தான். கையில் பாதி கடித்த றோல்.

"அக்கா! என்ன இந்தப் பக்கம்?"

"அவர் எங்க, றொஜன்? போனை எடுக்கிறாரில்லை. சுகமில்லாமக் கிடக்கிறாரோ உள்ளுக்க?"

"ஆர், அண்ணையோ?" அவன் றோலைக் கீழே வைத்தான். "அவர் இண்டைக்கு இஞ்ச வரமாட்டாரே."

"விசர்க் கதை கதையாத. காலமை கதைச்சவரல்லோ. நான் என்ர காதால கேட்டனான்."

"அக்கா, இருங்கோ முதல்ல. இருங்கோ." அவன் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை. "அது ஞாயிற்றுக்கிழமை பதிஞ்சது. பூசை முடியக் கையோட வந்து, அந்தக் கிழமைக்குரிய அஞ்சு நாளையும் ஒரே இருப்பில பதிஞ்சிட்டுப் போவார். பேந்து கொம்பியூட்டர் தன்ர பாட்டில போடும். இஞ்ச, இந்தக் கட்டிடத்துக்குள்ள பதிஞ்சாக் காணும், அது உள்ளூர் நிகழ்ச்சிதான் எண்டு அவங்கள் சொல்லிப்போட்டாங்கள்."

"எப்ப தொடக்கம்?"

"கொம்பனி வாங்கின நாள் தொட்டு, அக்கா. காலமை நேரடியா இருக்கிற வேலையை வெட்டிப்போட்டாங்கள். நேரம் சொல்லாத, மழை சொல்லாத எண்டதும் அதுக்குத்தான். பதிஞ்சது எண்டு சனத்துக்குத் தெரியப்படாதாம்."

இம்மாகுலேற் அந்த அறையைப் பார்த்தாள். அவர் இருக்கிற கதிரையில் கோட் ஒன்று கிடந்தது, றொஜனுடையது. மைக் துணியால் மூடிக் கிடந்தது. மேசையில் கொம்பியூட்டர் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப தேத்தண்ணி... தேத்தண்ணி கொதிச்சிட்டுதோ எண்டு கேட்டவரே."

"அதையும் அஞ்சு தரம் சொல்லிப் பதிவார். ஒருக்காச் சொன்னதை வெட்டி ஒட்டித் தாறன் எண்டு சொன்னனான், அண்ணை விடேல்லை. அதுமட்டும் ஒவ்வொரு நாளுக்கும் புதுசாச் சொல்லவேணுமாம்."

"என்ர மாதாவே! அப்ப விடியப்புறம் எழும்பி இந்த மனுசன் எங்க போறது?"

றொஜன் தலை குனிந்தான். "ஆருக்கும் சொல்லாத எண்டு சத்தியம் வாங்கினவர், அக்கா. பங்கில எல்லாரும் ரேடியோக் கிறிஸ்துராஜா எண்டு சொல்லேக்க உங்களுக்கு எவ்வளவு சந்தோசம், அதைக் கெடுக்கேலாது எண்டவர். வேற நல்ல வேலை கிடைச்ச கையோட தானே சொல்லுவன் எண்டவர்."

"எங்க போறவர் எண்டு கேட்டன்!"

"மாக்கற்றுக்கு. லேற்றன் மரக்கறி மாக்கற்றில பெட்டி இறக்க."

இம்மாகுலேற் கத்தினதாக றொஜன் பிறகு சொன்னான். தான் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவளுக்கு ஞாபகம். படியில் இறங்கும்போது ஒரு சப்பாத்துக் கழன்று கீழே உருண்டது. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தபோது அவருடைய கையில் இருந்து கொத்தமல்லித் தழை மணம் வந்தது. இத்தனை மாதமும் புருசனின் சட்டையில் மணந்த மணம் அது. மரக்கறிக் கடைக்கு மேலே வேலை செய்தால் மணக்கும்தானே என்று அவள் அதை மெசினுக்குள் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

றொஜன் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழிமுழுக்க அவள், "அது அவரா இருக்கப்படாது, றொஜன். ஜக்கெற்றை அவர் கோயிலுக்குக் குடுத்தவர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காலையில் ஒரு தரம் பொய்யாகப் போன பயம் இப்போது வட்டியோடு வந்து நெஞ்சில் ஏறி இருந்துகொண்டது.

அவர்தான். முகம் அவருடைய முகமாகவே இல்லை. கண் எது, கன்னம் எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. வாய்க்குள் குழாய், அருகில் மூச்சு விடுகிற மெசின். கையைப் பார்த்துத்தான் அவள் அடையாளம் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மைக்குக்கு முன்னால் இருக்கிற மனுசனுக்கு எப்படிக் காய்ப்பு வரும் என்று ஒருநாளும் கேட்காமல் விட்டேனே என்று அந்தக் கையில் தலையை வைத்து அழுதாள்.

ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்து கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தாள். பெயர், வயது, என்ன நோய் வருத்தம், என்ன குளிசை எல்லாம் கேட்டாள். ஏதாவது மருந்து ஒத்துவராதா என்றும் கேட்டாள்.

"பெனிசிலின்," என்றாள் இம்மாகுலேற். "நோ பெனிசிலின். வெரி பாட்."

டொக்டர் பிள்ளை எழுதுவதை நிற்பாட்டினாள். பிறகு மெல்ல மெல்ல, இங்கிலீசு விளங்காத ஆளுக்குச் சொல்வதுபோல, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கால் எலும்பு வெளியே வந்த காயம். கிருமி ஏறாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தது பெனிசிலின் குடும்பத்து மருந்துதான். தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிட்டது. குழாய் வைத்து மீட்டுவிட்டார்கள். ஆனால் கொஞ்ச நேரம் மூளைக்குக் காற்றுப் போகவில்லை. எழும்பக்கூடும். எழும்பினாலும் பழைய ஆளாக எழும்புவாரா, கதைப்பாரா என்று இப்போது சொல்ல ஏலாது. ஆளை யாரென்று முன்பே தெரிந்திருந்தால் கேட்டிருப்போம், காலையில் ஒரு நம்பருக்கு எடுத்துப் பார்த்தோம் என்றவள், இம்மாகுலேற்றின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

பெனிற்றா கொலிஜில் இருந்து ஓடி வந்தபோது தாய் நடைபாதைக் கதிரையில் இருந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பிள்ளை. இந்தக் கையாலதான் போனை ரேடியோவில பிடிச்சனான். கேள், கேள், இது என்ர மனுசன் எண்டு அவனுக்குக் காட்டினனான்."

"அம்மா, ஸ்ரொப். எனிபடி வுட் ஹவ்..."

"ஒரு பத்து மணி செபமும் சொன்னனான். ஆருக்குச் சொல்லுறன் எண்டு தெரியாமச் சொன்னனான்."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பெனிற்றா வீட்டில் இருந்து போன் எடுத்தாள். தாய்க்கு மாற்று உடுப்பு எடுக்கப் போயிருந்தாள். பின்னால் ரேடியோச் சத்தம் கேட்டது. "அம்மா, அப்பா... அப்பா இஸ் ஒன். அவர் சிரிக்கிறார், அம்மா. ஓஃப் பண்ணட்டோ?"

"வேண்டாம்!" என்று இம்மாகுலேற் அலறியதில் தாதி திரும்பிப் பார்த்தாள். "கை வைக்காத. அது தன்ர பாட்டில போகட்டும்."

அதை நிற்பாட்டினால் இங்கே மெசினும் நின்றுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். விசர்ப் பயம்தான். ஆனால் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு தொடங்கியது இன்னொரு கூத்து. கிறிஸ்துராஜா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார் என்றால் எங்களில் ஒருவரும் நம்பவில்லை. நம்பினால் அல்லவா சூப்பும் இடியப்பமும் கட்டிக்கொண்டு ஓடுவோம்? ஆரோ கட்டிவிட்ட கதை என்று சொல்லிவிட்டு அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டு பல் விளக்கினோம். பூசையில், நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்காக மன்றாடும்போது அவர் பெயரையும் சொல்லும்படி பெனிற்றா பங்குச் சுவாமிக்குச் சொல்லியனுப்பினாள். வாசிக்க எழும்பிய மனுசி, "இது பிழையா வந்திட்டுது, ஆள் காலமை நல்லாக் கதைச்சவர்," என்று அந்தப் பெயரைத் தாண்டிப் போனாள். வியாழக்கிழமை அருள்மலரே போன் எடுத்தாள்.

"எடியே, உண்மையைச் சொல்லு. வேலைக்கு வராம நிக்கிறதுக்கு வேற சாட்டுக் கிடைக்கேல்லையோ? அண்ணை காலமை என்ன மாதிரிப் பகிடி விட்டவர்!"

"அருள், அது அவரில்லையடி."

"அவற்ற குரல் எனக்குத் தெரியாதே?"

"எனக்கும் தெரியுமெண்டுதான் நினைச்சனான்," என்றாள் இம்மாகுலேற்.

றொஜன் பின்னேரங்களில் வந்து கட்டில் காலடியில் நிற்பான். அன்றைக்கும் வந்தான்.

"அதை நிப்பாட்டச் சொல்லன், தம்பி. சனம் என்னைப் பொய்க்காரி எண்டு நினைக்குது."

"கேட்டனான், அக்கா. கொம்பனிக்கு எடுத்து மண்டாடினனான். அதை நிப்பாட்டினா உள்ளூர் மணித்தியாலம் குறைஞ்சிடுமாம், லைசன்சுக்கு ஆபத்தாம்." அவன் கிறிஸ்துராஜாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "வாற ஞாயிறு பதிய வருவாரோ எண்டும் கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனி?"

"போனை வைச்சிட்டன்."

வெள்ளிக்கிழமைக்குரியதும் போனது. சனிக்கிழமை வீக்கம் வடிந்தது. ஞாயிறு பின்னேரம் குழாயைக் கழற்றினார்கள். அவர் தானாகவே மூச்சு விட்டார். ஆனால் கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் அசையவில்லை. பழக்கமான சத்தங்களைக் கேட்கவிடுங்கள், கதையுங்கள் என்றாள் தாதி. இம்மாகுலேற் கதைத்தாள். ஏன் மறைச்சனீங்கள் என்று கேட்டுச் சண்டை பிடித்தாள். பெட்டி இறக்கினால் என்ன, கக்கூஸ் கழுவினால் என்ன, எனக்கு ஆள் இருந்தால் காணும் என்று ஏசினாள். கடைசியில், "இஞ்சேரப்பா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்று கெஞ்சினாள். அவர் பாட்டுக்குக் கிடந்தார்.

திங்கட்கிழமை விடியப்புறம் பெனிற்றா சின்ன ரேடியோவைக் கொண்டுவந்தாள். ஞாயிறு ஒருவரும் பதியவில்லை, ஆகவே இன்றைக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வராது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அந்த வெறுமையைக் கேட்க இம்மாகுலேற்றுக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து, சத்தத்தைக் குறைத்துப் போட்டாள்.

"இனிய காலை, அன்பு நேயர்களே. எவ்வளவு அழகான காலை!"

பெனிற்றா வாயைப் பொத்தினாள். "அம்மா, திஸ் இஸ் லாஸ்ற் மன்டே. அதே ஜோக்கைச் சொல்லப்போறார், பாருங்கோ."

சொன்னார். போன திங்கள் சொன்ன அதே பகிடி, அதே சிரிப்பு, அதே பாட்டு. புதிதாக ஒன்றும் இல்லாததால் கொம்பியூட்டர் பழையதை எடுத்துச் சுற்றத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் இல்ஃபோர்ட்டில் நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய அதில் என்ன இருந்தது, குளிரா, மழையா, பஸ்ஸா?

இம்மாகுலேற்றுக்கு இனி இதுதான் என்று விளங்கியது. ஆள் இப்படியே கிடப்பார், குரல் கிழமைக்குக் கிழமை சுற்றிச் சுற்றி வரும். செத்தாலும் வரும். புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டாலும் அழகான காலை என்று சொல்லும்.

"தேத்தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று கேட்டது ரேடியோ.

"நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு!"

பெனிற்றா பாய்ந்து ரேடியோவை அமத்தினாள். அறையில் மெசின் ஒன்றின் சின்னக் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. யன்னல் திரை இழுத்து மூடியிருந்தது.

"மழை," என்றது ஒரு குரல்.

உடைந்து, கரகரத்து, அரைவாசி காற்றாக வந்த குரல். இம்மாகுலேற் முதலில் ரேடியோவைத்தான் பார்த்தாள். அது பெனிற்றாவின் கையில் செத்துக் கிடந்தது.

"மழை பெய்யுது," என்றார் கிறிஸ்துராஜா. கண் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை.

பெனிற்றா, "அப்பா!" என்று கத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். இம்மாகுலேற் அவரிடம் போகவில்லை. எழும்பி, கதிரையில் இடித்துக்கொண்டு யன்னலுக்குப் போனாள். திரையின் கயிறு பிடிபடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.